நூல் வெளியீடும் ஊர்ப் பயணமும்: எழுதியவரின் துணைவருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் புத்தகம் எழுதி முடித்துவிட்டார். இனி கோலாலம்பூரில் வெளியீட்டு விழா, அதன் பிறகு ஈப்போ, பினாங்கு, சுங்கை பட்டாணி, ஜொகூர் பாரு என்று ஊர் ஊராக அறிமுகக் கூட்டம். எழுதியவருக்கு வழிகாட்ட மூத்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. கூடவே நின்று பெட்டி தூக்கி, கணக்குப் பார்த்து, டத்தோவின் செயலாளருக்குத் திரும்பத் திரும்ப போன் போடும் கணவருக்கோ மனைவிக்கோ சொல்லித்தர ஆள் இல்லை. என் மனைவியின் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சொந்தச் செலவில் நூல் போடுகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கள். எழுதியவருக்கு மூன்றே வேலை: மெய்ப்பு பார்ப்பது, ஏற்புரையைத் தயாரிப்பது, வாசகரோடு பேசுவது. மீதி எல்லாம் உங்கள் பொறுப்பு. இந்தக் கோடு தெளிவாக இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

1. அச்சுக்குப் போகும் முன்: ஆவணங்கள்

விழாவுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் வேலை ஐ.எஸ்.பி.என்., அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரப்படும் அனைத்துலக எண். இதைத் தருவது ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் மலேசிய தேசிய நூலகம். கட்டணம் கிடையாது. பதிப்பகம் இல்லாதவர் தனிமனிதராகவே விண்ணப்பிக்கலாம். 13 இலக்க எண் வரும். 978-க்கு அடுத்து 967, 983, 629 ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது மலேசிய எண். தலைப்பும் அட்டையும் முடிவான பிறகே விண்ணப்பியுங்கள். எண் வந்த பிறகு தலைப்பை மாற்றினால் மறுபடி எழுதிக் கேட்க வேண்டிவரும். "எண் வாங்கித் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது கேட்டால், இலவசமாகக் கிடைப்பதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்று பொருள். இன்னொருவர் தன் பெயரில் எண் வாங்கிக் கொடுத்தால், பதிவில் வெளியீட்டாளர் அவர்தான். இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பதிப்பு விவரப் பக்கம். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி, நூலின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழ் நூல் என்பதால் முகவரியையும் தமிழிலேயே போட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தமிழில் போடுங்கள், தடையில்லை. பக்கத்தில் மற்றதும் இருக்கட்டும்.

சொந்தப் பதிப்பகப் பெயர் வைக்க ஆசையென்றால் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். தீபகற்பத்தில் சொந்தப் பெயரில் தொழில் பதிவுக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட்.

எழுதியவர் அரசாங்கப் பள்ளி ஆசிரியரா, வேறு அரசு ஊழியரா? அப்படியென்றால் வெளிவருமானம் தரும் எந்த வேலைக்கும் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களில் ஆசிரியர்கள் நிறையப் பேர். எனவே இந்தக் கடிதத்தை அச்சுக்கு முன்பே வாங்கி கோப்பில் வையுங்கள். விழாப் படம் பத்திரிகையில் வந்த பிறகு கேட்கப் போனால் தர்மசங்கடம்.

அச்சகத்திடம் முழு எண்ணிக்கைக்கு உத்தரவு கொடுக்கும் முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்குங்கள். திரையில் பார்த்தது போதும் என்று விடாதீர்கள். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் தேடித் தேடிப் பாருங்கள். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள்.

சென்னையில் அச்சடித்தால் மலிவு என்று பலர் சொல்வார்கள். அச்சுக்கூலி மட்டும் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். கப்பல் கூலி, போர்ட் கிள்ளானில் சரக்கு எடுக்கும் முகவர் கட்டணம், அங்கிருந்து வீட்டுக்கு லாரி என எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒரு பிரதிக்கு எவ்வளவு என்று பாருங்கள். கப்பல் நம் தேதிக்குக் காத்திருக்காது. பெட்டிகள் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் அழைப்பிதழ் அடிக்க வேண்டும்.

2. பணக் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் கோப்போ, ஏதாவது ஒன்றை இன்றே தொடங்குங்கள். கணக்கு இப்படித்தான் ஓடும். அச்சகம் 500 பிரதிக்கு, பிரதி ஒன்றுக்கு 12 ரிங்கிட் என்று கொட்டேஷன் தருவதாக வைத்துக்கொள்வோம். 6,000 ரிங்கிட். நூலின் விலை 30 என்று வைத்தால் எல்லாம் விற்று 15,000 வரும் என்று மனம் கணக்குப் போடும். அது நடக்காது. கடைக்குக் கொடுத்தால் 30 முதல் 40 விழுக்காடு கழிவு போகும். கையில் நிற்பது 18 முதல் 21 ரிங்கிட். தேசிய நூலகம், பத்திரிகைகள், நூலாய்வு செய்பவர், மேடையில் இருப்பவர்கள், அணிந்துரை கொடுத்தவர், நன்கொடையாளர் என்று இலவசமாகவே ஐம்பது பிரதி போய்விடும். எஞ்சியதில் எவ்வளவு விற்றால் போட்ட முதல் திரும்பும் என்று முதலில் பாருங்கள். அந்த எண் பயமுறுத்தினால் 200 பிரதி போதும். இப்போது டிஜிட்டல் அச்சில் குறைந்த பிரதிகளும் அடித்துத் தருகிறார்கள்.

விழாச் செலவை அச்சுச் செலவோடு கலக்காதீர்கள். மண்டபம், ஒலியமைப்பு, மேடைப் பின்திரை, மாலை, பொன்னாடை, தேநீர் விருந்து, படம் எடுப்பவர், நினைவுப் பரிசு என்பது தனிப் பட்டியல். இதில் கையை மீறுவது எப்போதும் சாப்பாடுதான். தலைக்கு 15 ரிங்கிட் என்று கேட்டரிங்காரர் சொன்னால் 150 பேருக்கு 2,250. நாசி லெமாக், மீ கோரெங், வடை, கேசரி, தேநீர் போதும். பிரியாணி போட்டால் கூட்டம் வரும் என்று சொல்பவர்கள் வருவார்கள். அந்தப் பணத்தை நூலின் தாளுக்கும் அட்டைக்கும் போடுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மேடையில் "நான் ஆயிரம் வெள்ளி தருகிறேன்" என்று அறிவிப்பு வரும், கைதட்டல் எழும். அறிவித்த பணம் வேறு, வந்த பணம் வேறு. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை இந்த அறிவிப்புகளை நம்பி வைக்காதீர்கள்.

வரி விஷயத்தில் இரண்டு செய்திகள். நூல் வாங்கும் வாசகர், வாழ்க்கைமுறை வரி விலக்கின் கீழ் உள்ள 2,500 ரிங்கிட் வரம்புக்குள் அதைக் கணக்குக் காட்டலாம். எனவே ரசீதுப் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும். "வரிக்குக் காட்டலாம்" என்று சொன்னால் இரண்டு பிரதி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எழுதியவருக்கு வேறு பதிப்பகம் உரிமத்தொகை (ராயல்டி) கொடுத்தால், இலக்கியப் படைப்புக்கான உரிமத்தொகையில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. நாமே அச்சடித்து நாமே விற்கும் பணம் உரிமத்தொகை ஆகாது; அதை விற்பனை வரவாகத் தனியே எழுதி வையுங்கள்.

3. தேதியும் மண்டபமும்

பொங்கல், தைப்பூசம், தீபாவளி வாரங்களை விடுங்கள். முகூர்த்த நாளை விடுங்கள். அன்று நம் விருந்தினர் எல்லாரும் ஏதாவதொரு கல்யாணத்தில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், தமிழ் நூல் விழாவின் முன்வரிசையோ ஆசிரியர்களால் நிறைவது. அதே ஞாயிற்றுக்கிழமை வேறு வெளியீடு இருக்கிறதா என்று மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோலாலம்பூரில் இலக்கிய விழாவுக்கு எல்லாருக்கும் தெரிந்த இடம் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான் ஸ்ரீ சோமா அரங்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மண்டபம் எடுத்தால் ரயிலிலேயே வந்துவிடலாம் என்பது வயதானவர்களுக்கு வசதி, ஆனால் வார இறுதியில் கார் நிறுத்த இடம் தேடியே பாதிப்பேர் தாமதமாக வருவார்கள். கோயில் மண்டபம் என்றால் சைவச் சாப்பாடுதான். எங்கே எடுத்தாலும் நூற்றைம்பது பேர் கொள்ளும் இடத்தை நிறைப்பது நானூறு நாற்காலியில் பாதி காலியாக இருப்பதைவிட எழுதியவரின் மனத்துக்கு எவ்வளவோ நல்லது.

மண்டபத்தில் கேட்க வேண்டியவை: கட்டணம் எத்தனை மணி நேரத்துக்கு, அலங்கார நேரம் அதில் அடங்குமா; டெபாசிட் எப்போது திரும்பும்; வெளிச் சமையலுக்கு அனுமதி உண்டா; எத்தனை மைக்; ப்ரொஜெக்டர் உண்டா; லிஃப்ட் வேலை செய்கிறதா. பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். எங்களுக்கு ஓரிடத்தில் வாய்வார்த்தையாக "உங்களுக்குத்தான்" என்று உறுதி சொன்னார்கள். முன்பணம் கட்டப் போனபோது அந்த நாளை ஒரு காதணி விழாவுக்குக் கொடுத்திருந்தார்கள். முன்பண ரசீது கையில் இல்லாத தேதி உங்கள் தேதி இல்லை.

4. பிரமுகரும் அழைப்பிதழும்

சிறப்பு விருந்தினரின் அலுவலகத்துக்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் போக வேண்டும். அலுவலகத்தில் கையாளும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால் மலாயில் ஒரு பிரதியும் இணையுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை நிமிடம் பேச வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், மூன்றும் கடிதத்திலேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து போன், பிறகு வாரம் ஒரு போன்.

பட்டங்களில் பிழை வந்தால் மன்னிக்க மாட்டார்கள். துன், டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்ற வரிசை அழைப்பிதழிலும் மேடை விளிப்பிலும் நாற்காலியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டத்தோவின் மனைவி டத்தின். தன் சொந்தத் தகுதியில் பட்டம் பெற்ற பெண்மணியை அப்படி எழுதிவிடக் கூடாது. பெயரையும் பட்டத்தையும் செயலாளருக்கு அனுப்பி "சரி" என்று பதில் வந்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பேச்சாளரை அழைக்கிறீர்கள் என்றால் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள். பாட்டு, நடனம் என்று வெளிநாட்டுக் கலைஞரை மேடையேற்றினால், அதற்கென உள்ள அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி வேண்டும். அந்தத் தலைவலி நூல் விழாவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் எழுதியவரின் ஆசிரியர், அணிந்துரை எழுதியவர், குடும்பத்துப் பெரியவர்கள் ஆகியோருக்கு அட்டையை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தால்தான் அது விழா.

5. நிகழ்ச்சி நிரல்

இதில் நான் சற்று நேரம் நிற்கப்போகிறேன். நான் பார்த்த பல விழாக்களில் எழுதியவருக்கு அநியாயம் நடப்பது இங்கேதான்.

வழக்கமான ஓட்டம் உங்களுக்குத் தெரியும்: நாட்டுப்பண் நெகாராகூ, தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, நூலாய்வு, சிறப்புரை, வெளியீடு, முதல் நூல் பெறுதல், அடுத்தடுத்த நூல் பெறுதல், படம், அதன் பிறகு ஏற்புரை, நன்றியுரை. ஏற்புரைக்கு எழுதியவர் மைக்கைப் பிடிக்கும்போது சிறப்பு விருந்தினர் கிளம்பியிருப்பார், அவரோடு நாற்பது பேர் எழுந்து போயிருப்பார்கள், பின்னால் கேட்டரிங்காரர் மூடியைத் திறந்து வடை வாசனை வந்துகொண்டிருக்கும். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியவர் காலி நாற்காலிகளைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசுவார்.

ஏற்புரையைச் சிறப்புரைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். எல்லாரும் இருக்கும் நேரம் அதுதான். பிரமுகரும் எழுதியவரின் குரலைக் கேட்ட பிறகு பேசுவார். நூலைப் படிக்காமல் வந்திருந்தாலும் பேச்சு நூலைச் சுற்றியே இருக்கும். "ஏற்புரை கடைசியில்தானே வரும்" என்று சங்கத்துப் பெரியவர்கள் சொல்லலாம். பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நிரலை மட்டும் மாற்றாதீர்கள். விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பெயரை மாற்றி "நூலாசிரியர் உரை" என்று நடுவில் போட்டுக் கடைசியில் ஒரு நிமிட நன்றி மட்டும் வையுங்கள்.

நூலாய்வு ஒன்றே போதும், 15 நிமிடம். ஆய்வாளருக்கு ஒரு மாதம் முன்பே நூலைக் கொடுத்து, கதை முடிவுகளைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்த்துரை இரண்டுக்கு மேல் வேண்டாம், தலா 5 நிமிடம். அறிவிப்பாளர் கண்டிப்பான ஆளாக இருக்கட்டும். "2 நிமிடம்" என்று பெரிதாக எழுதிய அட்டை ஒன்று அவர் கையில் இருந்தால் பேச்சாளரும் சங்கடப்பட மாட்டார். மொத்த விழா இரண்டரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிரமுகர் தாமதமானால் நூலாய்வும் நூலாசிரியர் உரையும் முன்னே நடக்கும்படி மாற்று நிரல் ஒன்றையும் அறிவிப்பாளரிடம் கொடுத்து வையுங்கள்.

துணைவர் மேடையில் பேசலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். மனைவி எழுதிய நூல் என்றால் இது இன்னும் முக்கியம். விழாவில் என்னிடம் வந்து "சார், கதையெல்லாம் நீங்களும் சேர்ந்துதான் பார்த்தீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. கதைகளைப் பற்றிய கேள்விகளைப் பத்திரிகையாளர்களே என்னிடம் கேட்டார்கள். அப்படிக் கேட்டால் பதில் சொல்லத் தொடங்காதீர்கள். "எழுதினவங்க இங்கதான் இருக்காங்க, வாங்க" என்று அவரிடம் அழைத்துப் போய் விட்டுவிட்டு, நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

6. விழா நாள்: மேசையும் உறையும் கையெழுத்தும்

மூன்று மேசை போடுங்கள்: பதிவு, விற்பனை, கையெழுத்து. மூன்றுக்கும் குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான ஆட்களைப் பிடியுங்கள். உறவினர்கள் பத்து நிமிடத்தில் பேச்சில் கலந்துவிடுவார்கள்.

விற்பனை மேசையில் சில்லறை, ரசீதுப் புத்தகம், போனில் பணம் செலுத்தப் பெரிதாக அச்சிட்ட டூயிட்நவ் கியூ.ஆர். அட்டை. அரங்கத்துக்குள் இணையத் தொடர்பு வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பணம் செலுத்தியதாகக் காட்டும் திரையைப் பார்த்தால் போதாது. உங்கள் போனில் வரவு வந்ததா என்பதையும் ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நூல் பெற மேடைக்கு வருபவர்கள் உறை கொடுப்பார்கள். மேடையில் தட்டு பிடிக்கும் ஒருவர், கீழே அதை வாங்கிப் பூட்டுப் பெட்டியில் போடும் ஒருவர் என்று முன்பே பெயர் குறித்துவிடுங்கள். பல உறைகளில் பெயர் இருக்காது. வாங்கியவுடனே மூலையில் பென்சிலால் பெயர் எழுதாவிட்டால் வீட்டுக்குப் போய் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாது. அன்றிரவே இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதியவர் இந்த எண்ணிக்கையில் உட்கார வேண்டாம்; யார் எவ்வளவு வைத்தார் என்பது அவருக்கு அன்றிரவு தெரிய வேண்டிய செய்தி இல்லை.

கையெழுத்து மேசைக்கு ஒரு கட்டு ஒட்டுத்தாள் வாங்குங்கள். வரிசையில் நிற்கும்போதே வாசகரின் பெயரை அவரையே எழுதச் சொல்லி, நூலின் தலைப்புப் பக்கத்தில் ஒட்டி, அந்தப் பக்கம் திறந்தபடி எழுதியவரிடம் போகட்டும். லலிதாவா லளிதாவா, சரவணனுக்கு எந்த 'ண' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது. நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயர் அந்த நேரம் பார்த்து மறந்துபோகும் ஆபத்தும் இதில் தீர்ந்துவிடும். பேனா நான்கு வையுங்கள். வழவழப்பான தாளில் ஜெல் மை ஈஷிக்கொள்ளும், எனவே அதே தாளில் முன்பே எழுதிப் பாருங்கள்.

7. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி

மலேசிய நண்பன், மக்கள் ஓசை ஆகியவற்றின் ஞாயிறு பதிப்பில் இலக்கியச் செய்தி வர வேண்டுமென்றால் வாரத்தின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். மின்னல் எஃப்.எம்., ராகா, ஆர்டிஎம், ஆஸ்ட்ரோ நிகழ்ச்சிகளுக்கு ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். நேர்காணல் நேரங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். வணக்கம் மலேசியா போன்ற இணைய ஊடகங்கள் விழா முடிந்த அன்றே படம் கேட்கும்.

அனுப்ப வேண்டிய பொட்டலம் ஒன்றைத் தயாராக வையுங்கள்: ஒரு பக்கச் செய்திக் குறிப்பு, நூல் அட்டையின் தெளிவான படம், எழுதியவரின் படம் இரண்டு, நூல் விலையும் வாங்கும் வழியும். குறிப்பு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அங்கே திறக்கும்போது வெறும் கட்டமும் குறியும்தான் தெரியும். அதைத் திரும்ப அடிக்க யாருக்கும் நேரமில்லை. பிடிஎஃப் மட்டும் அனுப்பினாலும் வெட்டி ஒட்ட முடியாது, எனவே வேர்டு கோப்பும் சேர்த்து அனுப்புங்கள்.

வானொலிக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் அறிவிப்பாளராகக் கேள்வி கேளுங்கள். "இந்த நூலைப் பற்றிச் சொல்லுங்க" என்ற ஒரே கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லப் பழகினால் போதும். எந்தக் கதையை வாசிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

8. ஊர்ப் பயணம்

முதலில் கிள்ளான், சிரம்பான். போய் அன்றே திரும்பலாம். எழுதியவருக்குப் பேசிப் பழக்கம் வரும். அடுத்தது வடக்குச் சுற்று: ஈப்போ, சுங்கை பட்டாணி, பினாங்கு. கடைசியாக ஜொகூர் பாரு.

வடக்குச் சுற்றில் ஒரு பொறி இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். கோலாலம்பூர் பழக்கத்தில் சுங்கை பட்டாணிக்கு ஞாயிறு காலை கூட்டம் போட்டால் ஆசிரியர்கள் எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள். பினாங்கில் சனி, ஞாயிறு. எனவே சனிக்கிழமை சுங்கை பட்டாணி, ஞாயிறு பினாங்கு என்று போடுங்கள். ஜொகூரில் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டார்கள். பழைய நினைப்பில் வெள்ளிக்கிழமை வைத்துவிடாதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இடிஎஸ் எனும் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து ஃபெரியில் ஜோர்ஜ்டவுன் இறங்கலாம். எழுதியவருக்கு ரயில்தான் நல்லது. உறங்கலாம், உரையைப் பார்க்கலாம். ஆனால் புத்தகப் பெட்டியோடு ரயிலும் ஃபெரியும் ஏறி இறங்குவது முடியாத காரியம். கணக்கைப் பாருங்கள்: ஏ5 அளவில் 200 பக்க நூல், 80 கிராம் தாளில், அட்டையோடு சுமார் 270 கிராம். 40 பிரதி போட்ட பெட்டி கிட்டத்தட்ட 11 கிலோ. அதற்கு மேல் ஒரு பெட்டியில் வைக்காதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் முன்பே கூரியரில் அந்த ஊர் நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரயிலில் போகலாம். காரில் போவதானால் பெட்டிக்குள் கனமான பிளாஸ்டிக் பை விரித்து அடுக்குங்கள். கார் பின்பகுதி ஈரத்தில் அட்டை நெளிந்த பிரதியை யாரும் வாங்க மாட்டார்கள். பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் போகும்போது மட்டும்தான் டோல். டோல் கட்டும் 'டச் அண்ட் கோ' அட்டையில் பணம் இருக்கட்டும்.

ஹரிராயா, சீனப் புத்தாண்டு வாரங்களில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள். தைப்பூசத்தின்போது பினாங்கில் தங்கும் அறை கிடைப்பது கடினம். அந்தக் கூட்டத்தில் நூல் விற்கலாம் என்று யோசனை சொல்வார்கள். காவடி பார்க்க வந்தவர் கையில் 200 பக்கத்தைக் கொடுக்க முடியாது.

ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் ஆள் ஒருவர் அவசியம். வாசகர் வட்டம், ஆசிரியர் குழு, கோயில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று யாராக இருந்தாலும் சரி. அழைப்பது அவர்களாக இருக்கட்டும், மண்டபச் செலவையும் தேநீரையும் யார் ஏற்கிறார்கள் என்பதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் போனால் கூட்டம் முடிந்ததும் இரண்டு தரப்பும் முகத்தைப் பார்க்க முடியாது. இருபது பேர் வந்தாலும் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருங்கள். மனைவியின் தொகுப்புக்கு மிக நல்ல பேச்சு நடந்தது ஒரு சின்ன அறையில்தான். தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கதையில் வரும் பால்மரக் காட்டில் விடியலில் எந்தப் பக்கம் வெளிச்சம் வரும் என்பதைத் திருத்திச் சொன்னார். அதை அடுத்த பதிப்பில் மாற்றுகிறோம்.

தமிழ்ப்பள்ளிக்குப் போவதென்றால் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டு, விற்பனைக்கு அனுமதி உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். சிங்கப்பூருக்குக் கொண்டுபோகும் ஆசை இருந்தால், விற்பனைக்கான சரக்குக்குப் பயணிகளுக்கான வரிச் சலுகை கிடையாது. 9 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் அறிவிப்பும் உண்டு. பையில் நாற்பது பிரதியை வைத்துக்கொண்டு வுட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்காதீர்கள்.

9. எழுதியவரைக் கவனிப்பது

வேலையில் இருக்கிறீர்கள் என்றால் ஆண்டு விடுப்பை விழாவுக்கு முதல் நாளும் மறுநாளும் எடுங்கள். விழா நாள் எப்படியும் ஞாயிறுதான். மறுநாள்தான் உங்கள் தேவை அதிகம். பல மாதப் பரபரப்பு அடங்கி வீடு சட்டென்று வெறுமையாகத் தெரியும், எழுதியவருக்கு அழுகை வரலாம், எரிச்சல் வரலாம். அன்று கணக்கு, பாக்கி, யார் வரவில்லை என்ற பேச்சு எதையும் எடுக்காதீர்கள்.

பேசும் நாட்களில் வெந்நீர் குடுவை உங்கள் பையில் இருக்கட்டும். கூட்டத்துக்கு முன் சிராப் ஐஸ் வேண்டாம். விருந்தோம்புபவர்கள் அன்போடு அழுத்துவார்கள். மறுப்பது உங்கள் வேலை, அவருடையது அல்ல. "நாங்க அப்புறம் தாப்பாவ் பண்ணிக்கிறோம்", அதாவது பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்கிறோம், என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

முகநூலில் வரும் கடுமையான கருத்துகளை இரவில் காட்டாதீர்கள். நியாயமான விமர்சனத்தை எடுத்து வைத்து, பயணம் முடிந்த பிறகு கொடுங்கள். புகழ்ச்சியையும் அளந்தே கொடுங்கள். என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "நீங்க படிச்சீங்களா?" விழா வேலையில் மூழ்கி அச்சான நூலை முழுக்கப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். முதல் பெட்டி வந்த அன்றே ஒரு பிரதியை எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

10. அதன் பிறகான ஒரு மாதம்

நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது. செலவு நம்முடையது. பயணத்தில் இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், எனவே பெட்டி வந்தவுடனே 5 பிரதியைத் தனியே கட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள். ஒப்படைத்த அத்தாட்சியைக் கோப்பில் சேருங்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கும் இரண்டு பிரதி கொடுத்தால் நூல் மாணவர் கைக்குப் போகும்.

ஒரு வாரத்துக்குள் நன்றிச் செய்தி: உறைப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி. அறிவித்துவிட்டுத் தராதவர்களுக்கு ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். கடைகளில் விற்றால் மட்டும் பணம் என்ற முறையில் வைத்த பிரதிகளுக்குக் கையெழுத்திட்ட சீட்டு வாங்கி, மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்க்கும் நாளைப் போனில் குறியுங்கள். நீங்கள் போய்க் கேட்காமல் அந்தக் கணக்கு வராது.

பயணத்தில் வாசகர்கள் சொன்ன பிழைகளை ஒரே பிரதியில் சிவப்பு மையில் குறித்து, அதன் அட்டையில் "திருத்தப் பிரதி" என்று எழுதுங்கள். அச்சகத்திடமிருந்து பிடிஎஃப் கோப்பையும் பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பையும் அட்டைக் கோப்பையும் கடைசித் தவணை கட்டும் நாளிலேயே கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மறுபதிப்பு நேரத்தில் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் முழு நூலையும் மறுபடி தட்டச்சு செய்யும் செலவு உங்கள் தலையில் விழும்.